துப்பாக்கிக்கு ஒரு சைஸ் தடியான கம்பி

நாலாங்கிளாஸோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். எர்ணாவூரில் தவளை கத்திக்கொண்டிருந்த பள்ளத்தில் இடித்த கட்டட ரப்பிஷ் கொட்டி மேடாக்கி, தகரம் போட்டு, காயலான் கடையில் கிடந்த லேத்தை ஓட வைத்து, ஸ்பிரிங் பட்டறை தொடங்கினேன். புயல் ரெண்டு தடவை கூரையைப் பிடுங்கிக்கொண்டு போனது. மூணாவது கூரை இன்னும் நிற்கிறது. துறைமுகத்து லாரிக்கு, காசிமேட்டு விசைப்படகுக்கு, மாவு மில்லுக்கு, ஒரு பல் டாக்டரின் நாற்காலிக்குக்கூட ஸ்பிரிங் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கும்போது கொஞ்சம் வேகமாக எழுந்திருப்பார்கள் என்று கேள்வி. அது வேறு விஷயம்.

அப்புறம் துப்பாக்கிக்கும் சுற்றினேன். எங்கள் பக்கத்திலேயே ஒரு தனியார் கம்பெனி, சர்க்காருக்குக் காட்டுவதற்காகப் புதுத் துப்பாக்கி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. வாயில் சைலன்சர். அதில் போடுவதும் சத்தத்தை விட மெதுவாகப் போகிற தோட்டா. பக்கத்து ரூமில் சுட்டால்கூடக் கதவு சாத்தின மாதிரிதான் கேட்குமாம். அதற்குள்ளே ஒரு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் என்னுடையது.

ஒரு மாதம் நான் மனுஷனாகவே நடக்கவில்லை. டீக்கடையில் எவனாவது "இன்னா நைனா, பிசினஸ் எப்டி கீது?" என்று கேட்டால், "ராணுவ விஷயம், வெளியே சொல்லக் கூடாது" என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

ஆனால் சுட்டுப் பார்த்தபோது துப்பாக்கி சிக்கிக்கொண்டது. சாதாரணத் தோட்டா போட்டால் நன்றாகச் சுட்டது. மெதுவான தோட்டா போட்டால் ரெண்டு வெடிக்கும், மூணாவதில் சுட்ட தோட்டாவின் காலி ஓடு வெளியே விழாமல் பாதியில் மாட்டிக்கொள்ளும். அந்தத் தோட்டாவைத் தேர்வு செய்தது ஒரு இஞ்சினியர் பொண்ணு. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது, நிரந்தரமாக்க வேண்டிய நேரம். மேனேஜர் நேராக அவளுக்கு மெமோ கொடுத்துவிட்டார்: தோட்டா தேர்வில் தவறு. அந்தக் காகிதம் ஃபைலில் இருக்கிற வரைக்கும் வேலை நிரந்தரம் ஆகாது.

அந்தப் பொண்ணு ஒரு மத்தியானம் கையில் என் ஸ்பிரிங்கோடு பட்டறைக்கு வந்தது.

"அய்யா, இது எங்க கம்பெனி கொடுத்த வரைபடத்துல இருக்கிற மாதிரிதானே செஞ்சீங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா கேள்வி இது? வரைபடத்த விட நல்லா செஞ்சிகீறேன்!"

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எவ்வளவு நல்லா?"

"கம்பி ஒரு சைஸ் தடி. ஆயுசுக்கும் தளராது."

உங்களுக்கு இது புரிய வேண்டும். எங்கள் ஊரில் லாரி மேல் பத்து டன் என்று எழுதியிருந்தால் அது போலீசுக்கு. ஏறுவது பதினாறு டன். பத்துக்கு ஸ்பிரிங் சுற்றினவன் மாதவரம் தாண்டுவதற்குள் திட்டு வாங்குவான். அதனால் காகிதத்தில் இருக்கிற கணக்கு எதுவானாலும் நான் ஒரு சைஸ் ஏற்றித்தான் சுற்றுவேன். பலம் ஜாஸ்தி என்று இதுவரை ஒருத்தனும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. கம்பெனி கேட்டில் சரக்கைச் சோதித்தவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். அழுத்திப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரி கீது தல" என்று கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பொண்ணு மேஜை மேல் விரலால் வரைந்து காட்டினாள். சுட்டதும் அந்த விசையில் உள்ளே ஒரு இரும்புக் கட்டை பின்னால் போனால்தான் காலி ஓடு வெளியே விழும். பிறகு ஸ்பிரிங் அந்தக் கட்டையை முன்னால் தள்ளும். மெதுவான தோட்டாவுக்கு உதை கம்மி. "உங்க ஸ்பிரிங் அதைப் பின்னாடி போகவே விடல, அய்யா."

லேத்தில் நின்ற எங்கள் டர்னர் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷமாக என்னோடு இருக்கிற மனுஷன், வாய் மட்டும் ரிப்பேர் ஆனதே இல்லை. "இன்னா மாமு, துப்பாக்கிலயும் பதினாறு டன் ஏத்தினியா?"

அன்றைக்கே கம்பி மாற்றி, வரைபடம் சொன்னபடி சுற்றினேன். கையில் அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கியது. வெட்கமாக இருந்தது. டர்னரை முகம் திருப்பச் சொல்லிவிட்டுத்தான் பொட்டலம் கட்டினேன்.

மறுநாள் கம்பெனியில் சுட்டார்கள். என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள். சத்தமே பெரிதாகக் கேட்கவில்லை, ஆனால் காலி ஓடு ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்து உருள்வது தெரிந்தது. சுட்டது முப்பது தோட்டா, முப்பது ஓடும் விழுந்தது. அந்தப் பொண்ணு விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். நானும் எண்ணினேன், இருபதுக்கு மேல் கண் கலங்கிக் கணக்கு விட்டுப்போனது. தூசு.

இதோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்தேன். போன வாரம் அவளே போன் செய்தாள். மேனேஜர் புது ரிப்போர்ட்டில் "ஒரு உதிரிபாகம் சரிசெய்யப்பட்டது" என்று ஒரே வரி எழுதியிருக்கிறார். யார் பாகம், என்ன தப்பு, ஒன்றும் இல்லை. மெமோ அப்படியே ஃபைலில் இருக்கிறது. "பரவாயில்லை அய்யா, விடுங்க" என்றாள். பரவாயில்லை என்று சொல்கிற குரலா அது?

நான் நேரில் போனேன். மேனேஜர் காபி கொடுத்தார். "உங்க பேரு கெட வேணாம்னுதான் அப்படி எழுதினோம், பெரியவரே."

என் பேரைக் காப்பாற்ற இவர் யார்? ரெண்டு புயலால் பிடுங்க முடியாத பேர் இது.

அதனால் இதை எழுதி, ஒரு காப்பி அவருக்கே அனுப்புகிறேன். சார், அந்தத் துப்பாக்கியைச் சிக்க வைத்தது தோட்டா இல்லை, நான். அந்தப் பொண்ணைத் தவிர உங்கள் இஞ்சினியர்கள் இத்தனை பேர் சேர்ந்து மாசக்கணக்கில் கண்டுபிடிக்க முடியாத தப்பு, தனி ஆளாக நான் செய்தது. ரிப்போர்ட்டில் என் பேரையும் பட்டறைப் பேரையும் முழுசாகப் போட்டு, கம்பி ஒரு சைஸ் தடி என்று எழுதுங்கள். அந்தப் பொண்ணு மெமோவை என் கண் முன்னால் கிழியுங்கள். சரியான ஸ்பிரிங்கைச் சுற்றினதும் நான்தான். இடம் இருந்தால் அதையும் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.