அவன் வைத்த தோணி

சவூதியில் வேலை செய்துவிட்டு வந்த என் மச்சினன் ஒரு ரேடியோவும் போக்கர் என்ற இந்தக் காட்ஸ் விளையாட்டுச் சனியனையும் ஊருக்குக் கொண்டுவந்தான். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில், சண்டையால் சவுக்காரத்துக்கும் டோர்ச் பற்றரிக்கும் தட்டுப்பாடாக இருந்த காலம். அவற்றைத்தான் பந்தயம் வைப்போம்.

அன்று மத்தியானம் வாவிக்கரை மரத்தடியில் நாலு பேர் இருந்தோம். எனக்கு எதிரே பக்கத்து வளவுக்காரன். சொந்தத் தோணியில் மீன்பிடிப்பவன். நான் வாடகைத் தோணியில் போய், பிடித்ததில் பாதியைத் தோணிக்காரருக்குக் கொடுத்துவிட்டு வருகிறவன்.

நடுவில் விரிக்கும் ஐந்து காட்ஸில் கடைசியையும் திறந்தாயிற்று. மச்சினனும் மற்றவரும் விலகிவிட்டார்கள். கீழே ஒரு ராசா, இரண்டு நாலு, மற்ற இரண்டும் உதவாத சின்னக் காட்ஸ். ஆளுக்கு இரண்டு காட்ஸில் என் கையில் இரண்டும் ராசா, கீழே உள்ளதோடு சேர்த்து மூன்று. மிச்ச இரண்டு நாலும் அவன் கையில் இருந்தாலொழிய என்னை வெல்ல முடியாது. அவன் பற்றரிகளை வைத்தான். நான் அதற்கு மேல் என் சவுக்காரம் முழுவதையும் ஏற்றினேன். அவன் யோசிக்கவேயில்லை.

"என்ர தோணி. நீ சைக்கிளை வை, மச்சான்."

மச்சினன் சிரித்தான். சைக்கிள் போனால் மீனைச் சந்தைக்குத் தலையிலா சுமப்பது? ஆனால் தோணி கிடைத்தால் இனி ஒருத்தனுக்கும் பாதி கொடுக்கத் தேவையில்லை.

அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தன் காட்ஸைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின இரவு அக்கரையில் வெடிச்சத்தம் கேட்டதால் வாவியில் ஒரு தோணிகூட இல்லை. நாலு இருந்தால் இப்படி இருப்பானா, சும்மா வெருட்டுகிறான் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

"என்னகா, வாறியா இல்லையா?"

"வாறன்."

அவன் காட்ஸை விரித்தான். ஏழும் இரண்டும். ஒன்றுக்கும் உதவாத கை. தோற்றவன் போலவே இல்லை, பாரம் இறக்கியவன் மாதிரி மூச்சு விட்டான்.

"எல்லாரும் பாத்தீங்கதானே, இனி அது இவன்ர" என்று சொல்லிவிட்டு எழுந்தான். வீட்டுப் பக்கம் போகாமல், ஊரை விட்டுப் போகும் வெல்லாவெளிப் பாதையில் நடந்தான். வெட்கத்தில் போகிறான் என்று நினைத்தேன். பாவமாகக்கூட இருந்தது.

மற்ற இருவரும் சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்குப் பசியே இல்லை. தோணிக்குள் இறங்கித் துணியால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அடிப்பலகையில் ஏதோ கறுப்பாய்க் காய்ந்து கிடந்தது. மீன் இரத்தம் என்று அதையும் கழுவினேன்.

நிமிர்ந்து பார்க்க, கரையில் துவக்கை நீட்டியபடி நாலைந்து பேர்.

"தோணி யாருடையது?"

"என்ர" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"நேற்று இரவு இதில யாரை ஏத்தின நீ?"

அவன் ஏன் தோற்கவென்றே தோணியை வைத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையில் இன்னும் அந்தத் துணி இருந்தது. இன்றைக்குத்தான் இதைக் காட்ஸில் வென்றேன் என்றேன். சொல்லும்போது எனக்கே அது பொய்யாகக் கேட்டது.