காணாமல் போன குவியல்

போர்வெல் போடுகிறவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. துளை போடும் ஒவ்வொரு ராடும் இறங்கி முடிந்ததும், மேலே வரும் பாறைத்தூளில் கொஞ்சம் அள்ளி வரிசையாகக் குவித்து வைப்பார்கள். ஒரு ராடு இருபது அடி. நிலத்தடி நீரை ஆராய்கிற எனக்கு அந்த வரிசைதான் பூமியின் ஜாதகம்.

ஆம்பூருக்குப் பக்கத்தில், ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு தம்பதி ஆசையாகப் போட்ட போரில் பருப்புகூட வேகாத உப்புத் தண்ணீர் வந்துவிட்டது. தோல் கழிவு இறங்கி அங்கே மேல்மட்டத் தண்ணீர் கெட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனால் அக்கம்பக்கத்துப் போர்களின் விவரம் என் நோட்டில் இருந்தது. ஆழத்தில், இறுகிய பாறைக்குள், நல்ல தண்ணீர் இருக்கிறது. உப்பு நுழையும் விரிசல் எத்தனை அடியில் என்று தெரிந்தால், அதைத் தாண்டிப் பைப் இறக்கிச் சுற்றிலும் சிமெண்டால் அடைத்துவிடலாம். நான் தப்பாகச் சொன்னால் போர் வீண். அவர்களுக்குக் காலமெல்லாம் கேன் தண்ணீர்தான்.

போய்க் குவியல்களை எண்ணிப் பார்த்தேன். இறங்கியது பதினைந்து ராடு, இருந்தது பதினான்கு குவியல். எனக்கு வந்ததே கோபம்!

“ஒண்ணைக் காணோமே, எங்கக்கா?” என்று கத்தினேன்.

அந்த வீட்டு அம்மா விழித்தார். “பல்லு போன மாதிரி நடுவுல இடம் இருந்துச்சு மேடம். நாந்தான் நெருக்கி வெச்சேன்.”

“நடுவுல இருந்தது எங்க போச்சு?”

அவர் கூச்சத்தோடு வாசலைக் காட்டினார். கோலம் பளபளவென்று வெள்ளையாக மின்னியது. குனிந்து தொட்டுப் பார்த்தேன். வெங்கச்சங்கல் தூள். கருங்கல்லுக்கு நடுவே இந்த வெள்ளைக்கல் ஓடும் இடத்தில்தான் பெரும்பாலும் விரிசல் இருக்கும்.

“நல்லா வெள்ளையா இருந்துச்சு, அதான் எடுத்துட்டேன்.”

“எத்தனாவது குவியல்? நல்லா யோசிச்சு சொல்லுங்க.”

“செம்மண்ணு ஒண்ணு, பழுப்பு ரெண்டு, அதுக்கு அடுத்தது இது. அப்பதான் மொத தண்ணி பீச்சி அடிச்சு என் பொடவையெல்லாம் நனைஞ்சு போச்சு!”

நான்காவது ராடு. அறுபதிலிருந்து எண்பது அடிக்குள். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு நிமிடம் முன்பு கத்தியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

நூறடி வரை பைப் இறக்கி அடைத்தார்கள். லேப் ரிசல்ட் வரும்வரை ஒரு வாய் குடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். ரிசல்ட் நன்றாக வந்ததும் போன் செய்து சொன்னேன். அந்த அம்மா சட்டென்று போனை வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

“மேடம், பருப்பு மலர வெந்துடுச்சு. நம்ம தண்ணியில.”