சிவபாதம் அண்ணை எண்ணிய பீப்பாக்கள்

அன்று காலை கடலில் மிதக்கிற மீன் கூட்டின் பலகையில் நின்று கொடுவா மீன்களுக்கு இரையாகச் சூடை மீன் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். சங்கச் செயலாளர் போன் எடுத்தார். "அக்கா, கொக்குவில் அண்ணை மோசம் போயிட்டாராம். விடிய நெஞ்சு நோகுது எண்டவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுதாம்" என்றார். கையில் இருந்த சூடை கையிலேயே இருந்தது. கீழே மீன்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. அவற்றுக்கு என்ன தெரியும்? மீதியையும் போட்டு முடித்துவிட்டுத்தான் கரைக்கு வந்தேன்.

இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கிற, சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சிவபாதம் அண்ணை கடலோடு பிறந்தவர் அல்ல. கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ரீவி திருத்தும் கடை வைத்திருந்தவர். முன்பெல்லாம் எங்கள் கூட்டு வலையில் ஓட்டை இருக்கிறதா என்று என் கணவர்தான் மூச்சடக்கி இறங்கித் தடவிப் பார்ப்பார். ஒரு நாள் காதால் இரத்தம் வந்தது. அதற்குப் பிறகு நான் அவரை இறங்க விடவில்லை. அந்த நேரத்தில்தான் சங்கத்துக்குத் தண்ணீருக்குள் ஓடுகிற ஒரு சின்ன ரோபோ வந்தது. சூட்கேஸ் அளவு, மஞ்சள் நிறம், முன்னால் கமரா, பின்னால் நீளமான வயர். நாங்கள் அதை நண்டு என்றோம். ஒரு மாரி மழையோடு நண்டு பழுதாகிப் படுத்துவிட்டது. அதைத் திருத்த வந்த அண்ணை, திருத்தி, ஓட்டிப் பார்த்து, பிறகு எங்களோடேயே நின்றுவிட்டார். நண்டின் திசைகாட்டிக்கு மட்டும் கடைசிவரை சாமான் கிடைக்கவில்லை.

அவருக்கு நீந்தத் தெரியாது. கரையில் காலை வைக்கும்போதே மிதவை அங்கியைப் போட்டுக்கொள்வார். "அண்ணை, இதிலை விழுந்தால் முழங்கால்தான் நனையும்" என்று என் கணவர் சீண்டுவார். "முழங்காலும் என்ரைதானே தம்பி" என்பார். கிணற்றுக்கட்டுக்குக் கூடக் கிட்டப் போகமாட்டார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான் வள்ளத்தில் சம்மணமிட்டு, வெயிலில் நண்டின் படத்திரை தெரியவேண்டும் என்று தலையில் தான் உடுக்கிற கறுப்புச் சாரத்தைப் போர்த்திக்கொண்டு, எங்கள் எல்லாருக்கும் கடலுக்கடியைப் பார்த்துச் சொன்னார்.

திசைகாட்டி இல்லாததால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். கூட்டை மிதக்க வைக்கிற நீலப் பீப்பாக்களை அடியில் இருந்து எண்ணுவார். பக்கத்துக்கு இரண்டு, நாலு பக்கத்துக்கும் எட்டு. கலங்கல் தண்ணீரில் மூலை தெரியாவிட்டாலும் பீப்பாவின் அடி கறுப்பாகத் தெரியும். எட்டாவது வந்தால் ஒரு சுற்று முடிந்தது.

போன மாரிக்குப் பிறகு ஒரு நாள் எங்கள் கூட்டைப் பார்த்துவிட்டு, சாரத்தை விலக்கி, "வலை நல்லம் தங்கச்சி" என்றார். நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து வளர்த்த கொடுவா. இன்னும் ஒரு மாதத்தில் பிடிக்கலாம் என்று இருந்தோம். மூன்றாம் நாள் இரை போட்டேன், மேலே வந்தவை சில மீன்கள்தான். என் கணவர் சொல்வழி கேளாமல் இறங்கினார். வள்ளம் கட்டுகிற பக்கத்துக்கு இடக்கைப் பக்கத்தில் அரிசி புடைக்கிற சுளகு அகலத்துக்கு ஓட்டை. பாதிக்கு மேல் போய்விட்டன.

அடுத்த கூட்டத்தில் நான் பேசிய பேச்சு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதும் உங்களுக்குத் தெரியும். "நாலு பக்கமும் பாத்தனீங்களோ இல்லையோ? உங்கடை ரீவியிலை படமே பாத்துக்கொண்டிருந்தனீங்கள்?" என்று கேட்டேன். அவர் எழுந்து நின்றார். "நாலாம் பக்கம் பாக்கேல்லை. பிழை என்ரை" என்றார்.

மறுநாள் கூட்டுக்குப் போய்ப் பீப்பாக்களை எண்ணினேன். பத்து இருந்தன. வள்ளம் கட்டுகிற பக்கம் தாழ்ந்துபோய் இருந்ததால், அண்ணை வருவதற்கு முதல் நாள் அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டைக் கட்டியது நான்தான். அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் தொடங்கி எட்டு எண்ணியபோது, நாலும் இரண்டும் இரண்டுமாக அவர் மூன்று பக்கத்தைத்தான் முடித்திருந்தார்.

பஸ் பிடித்துக் கொக்குவிலுக்குப் போனேன். ஒரு ரீவியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் நிமிராமலே, "தெரியும் தங்கச்சி. கூட்டத்துக்கு முதலே நண்டு எடுத்த பதிவை மூண்டு தரம் போட்டுப் பாத்தனான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "பேந்து ஏன் அண்ணை சொல்லேல்லை?" என்றேன். "பீப்பா கட்டினது நீங்கள், ஓம். பாக்காததைப் பாத்தன் எண்டு சொன்னது நான். நீங்கள் கேட்டது அதைத்தானே?" என்றார். பிறகு தேத்தண்ணி வரவழைத்தார்.

அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் சொல்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். சொல்லவில்லை. என்னோடு கூடு வைத்திருந்த மூன்று பெண்களின் முகத்தைப் பார்க்கும்போது அடுத்த முறை ஆகட்டும் என்று தள்ளிப்போட்டேன். அந்தப் போகம் முழுவதும் பலர் அண்ணையைக் கூப்பிடாமல் திரும்பவும் மூச்சடக்கி இறங்குகிற சுழியோடிகளைப் பிடித்தார்கள். "ரீவிக்காரன் மீனைத் திறந்துவிட்டவன்" என்று என் காதுபடவே கதைத்தார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தரம்கூட எனக்கு அதை நினைவூட்டவில்லை.

அடுத்த போகத்துக்கு நாங்கள் கூப்பிட்டபோது வந்தார். வந்ததும், "தங்கச்சி, சிவப்புத் துணி ஏதும் இருந்தால் தாங்கோ" என்றார். என் பழைய சேலைத் தலைப்பைக் கிழித்துக் கொடுத்தேன். ஒரு கல்லைக் கட்டி வலை ஓரமாகத் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். நண்டு அந்தத் துணியில் தொடங்கி, சுற்றி வந்து, திரும்பவும் அந்தத் துணியைக் கண்டால்தான் சாரத்தை விலக்குவார். "தொடங்கின இடத்தைத் திரும்பக் காணாமல் முடிஞ்சுது எண்டு சொல்லக்கூடாது" என்றார். இன்றைக்கு உங்கள் எல்லாருடைய கூட்டிலும் ஒரு சிவப்புத் துணி தொங்குகிறது. அது எதனால் வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

முப்பத்தொராம் நாள் சடங்கு முடிந்த பிறகு அவர் மனைவி நண்டையும் கறுப்புச் சாரத்தையும் சங்கத்தில் ஒப்படைத்தார். போன கிழமை சாரத்தைப் போர்த்திக்கொண்டு எங்கள் கூட்டை நானே பார்த்தேன். உள்ளே புழுக்கமாக இருந்தது, ரீவி திருத்தப் பற்றவைக்கிற ஈயமும் வியர்வையும் மணத்தன. இரண்டு தரம் நண்டு வலையில் முட்டியது. கடைசியில் பச்சைத் தண்ணீருக்குள் என் சேலைத் தலைப்பு அசைந்துகொண்டு வந்தது. நான் அழுதது வெளியே யாருக்கும் தெரியவில்லை.

அவரிடம் இருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் துணியைத்தான். ஆனால் அதை வைத்துக்கொள்ள எனக்கு இன்னும் உரிமை வரவில்லை. எங்கள் மீன் போன அந்த முறை எட்டுப் பீப்பா பத்தானது என் கையால். அண்ணை சரியாகத்தான் எண்ணினார். என்னோடு கூடு வைத்திருந்த மூன்று பேரும் முன்வரிசையில் இருக்கிறீர்கள். என்னைத் திட்டுவதென்றால் இப்போது திட்டுங்கள். நானும் எழுந்து நின்றுதான் கேட்பேன்.