கடலில் கழுவின சைக்கிள்

எங்கள் குப்பத்தில் சைக்கிள் மிதித்துப் போய் மீன் விற்ற பொம்பளை நான் ஒருத்திதான். இப்போதும் மிதிக்கிறேன். முட்டி வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது. ஆனாலும் கூடையோடு ஆட்டோவில் ஏறி, டிரைவர் மூக்கைப் பொத்துவதைப் பார்த்துக்கொண்டு போக எனக்கு மனசு வராது.

சைக்கிள் என் வீட்டுக்காரருடையது. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. போன மழைக்கு முன்னால் பெடல் இரண்டு பக்கமும் லொடலொடவென்று ஆடத் தொடங்கியது. ஆழ்வார்பேட்டைக்குக் கிளம்பினவள் பாதியில் இறங்கி, அடையாறில் சைக்கிள் கடை வைத்திருப்பவரிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

அவர் பெடல் அச்சையும் அதைத் தாங்கிப் பிடிக்கிற கப்பையும் கழற்றி, அவை இருந்த குழாய்க்குள் விரலை விட்டுத் தடவினார். விரல் முழுக்கத் துரு.

"மரையெல்லாம் துரு துன்னுட்ச்சுக்கா. கப்பு இன்னாத்தப் புடிச்சிகினு நிக்கும்? பிரேமைக் கடாசிட்டு வேற வாங்கு."

"கடாசறதுக்கா இவ்ளோ தூரம் தள்ளிக்கினு வந்தேன்? உன்னால முடியலன்னு சொல்லு, வேற கடை பாக்கறேன்."

"உன் வாய் மட்டும் துருப் புடிக்கல," என்று சிரித்தார். "ஆமா, இத்த உப்புத் தண்ணில ஊறப்போட்டது யாரு?"

தினமும் வியாபாரம் முடிந்ததும் கூடையை அலையில் அலசுவேன். அப்படியே சைக்கிளையும் உள்ளே தள்ளிக் கழுவுவேன். கவிச்சி போக எங்களுக்குக் கடல்தண்ணிதான். வீட்டுக்காரர் பொருளை அழுக்காக வைக்கக்கூடாது என்று ஆறு வருஷமாக ஒரு நாள் விடவில்லை.

"எங்க வூட்டுக்காரர்தான்," என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

"போனவரைச் சொல்லக்கூடாது. ஆனா சைக்கிள் வெச்சிக்கத் தெரியாத மனுசன்க்கா."

வாரம் தவறாமல் எண்ணெய்த் துணியால் ஒவ்வொரு போல்ட்டாகத் துடைத்த மனுசன் அவர். என்னைத் தொடக்கூட விடமாட்டார். நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"அவர் இல்ல நைனா. நான்தான்."

கடைக்காரர் குழாயைச் சாய்த்து வைத்து உள்ளே எண்ணெய் ஊற்றினார்.

"மூணு நாள் ஊறட்டும். அப்பறம் மரை வெட்டிப் பாக்கறேன். பழைய தடத்துலயே போனா பொழச்சுது. இல்லன்னா என்னைத் திட்டாத."

நாலாம் நாள் என் கண் முன்னால் வெட்டினார். மரை வெட்டுகிற கருவியை அரைச் சுற்று உள்ளே திருகுவார், கால் சுற்று பின்னால் திருப்புவார், துருவை ஊதித் தள்ளுவார். இரண்டு மணி நேரம் ஸ்டூலைவிட்டு நான் அசையவில்லை. கடைசியில் கப் இறுகி நின்றது.

"மிச்சம் இருக்கறதே நாலு மரைக்கா. இனிமே கடலைக் காட்டாத."

இப்போது தெருக்குழாயில்தான் கழுவுகிறேன். குடத்தோடு நிற்கிற பொம்பளைகள், "இன்னாக்கா, சைக்கிளுக்குத் தலைக்கு ஊத்தறியா?" என்று கிண்டல் செய்கிறார்கள். நான் உட்கார்ந்து, அவர் துடைத்த மாதிரி ஒவ்வொரு போல்ட்டாக எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். எழுந்திருக்கத்தான் நேரமாகிறது.

குழாய்த் தண்ணியில் கவிச்சி முழுசாகப் போவதில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.