கடைசி அத்தியாயத்துக்குச் சணல் கட்ட மறந்த நாள்

ஒருத்தரிடம் ‘இந்தப் புத்தகத்தைப் படிங்க’ என்று சொல்வது, பெண் பார்த்துச் சேர்த்துவைப்பது மாதிரி. நல்லபடியாக அமைந்துவிட்டால் சேர்த்துவைத்தவளை யாரும் நினைப்பதில்லை. ஏதாவது ஆகிப்போனால் முதலில் அவள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். இது தெரிந்தும் எனக்கு வாய் சும்மா இருக்காது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மிச்சத்தைக் கதைப்புத்தகங்கள்தான் சொல்லிக் கொடுத்தன. எல்லாரும் பேசிக்கொள்கிற புத்தகம் எதுவோ, அதை மகள் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பிவிடுவாள். நான் படித்து முடித்த கையோடு அது ஊருக்குள் புறப்பட்டுவிடும். யாருக்கு எது என்பதில் மட்டும் கணக்காக இருப்பேன். மகன் வெளிநாட்டில் இருக்கிற தாய்க்குப் பிரிவுக்கதை கொடுக்கமாட்டேன். போன வருஷம் எல்லாரும் அழுதேன் அழுதேன் என்று சொன்ன ஒரு நர்ஸ் அம்மாவின் வாழ்க்கைக் கதையை, எதற்குமே கலங்காத என் நாத்தனாருக்குக் கொடுத்தேன். ரெண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தாள். வீடே எனக்கு நன்றி சொன்னது.

கொலைக்கதை என்றால் மட்டும் ஒரு வேலை செய்வேன். நெல் மூட்டையின் வாயைத் தைக்கிற சணல் இருக்கிறதே, அதில் ஒரு முழம் எடுத்து, கடைசி அத்தியாயத்தை மட்டும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பந்தியில் உட்கார்ந்ததும் பாயசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போகிற மாதிரி அது. முடிச்சு அவிழாமல் புத்தகம் திரும்பி வந்தால், பாதியிலேயே விட்டுவிட்டார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

இந்தத் தை மாதம் சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் கொட்டிவிட்டுக் காத்துக் கிடந்தோம். ராத்திரிக் காவல் வீட்டுக்காரர், பகல் காவல் நான். ‘கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார்’ என்பார்கள். எங்கள் களத்தில் மூட்டை தூக்குகிறவர் ஒருத்தர் அதோடு ‘நெல்லைப் போட்டுப் பார்’ என்று சேர்த்துக்கொள்வார். டோக்கன் வாங்கிவிட்டு வானத்தையும் ஆபீஸ் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அங்கே புத்தகம் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

என் குவியலுக்கு அடுத்த குவியல் ஒரு பாயுடையது. வளைகுடாவில் இருபது வருஷம் கடை வைத்திருந்துவிட்டு வந்து, குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் பண்ணுகிறார். முதல் வருஷமே தண்ணீரில் போய்விட்டது. “இந்த வெள்ளாமையும் கைய விட்டுச்சுன்னா மறுபடி பெட்டியக் கட்ட வேண்டியதுதான் தங்கச்சி. அறுபது வயசுல எவன் விசா குடுப்பான்?” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குக் காலையில் அவர் நெல்லில் கருவியை வைத்துப் பார்த்தார்கள். பதினெட்டரை காட்டியது. பதினேழுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கமாட்டார்கள். “காய வச்சுக் கொண்டாங்க பாய்” என்று சொல்லிவிட்டார்கள். அவரும் குவியலைக் கலைத்துக் களம் முழுக்கப் பரப்பிவிட்டார். கூட இருந்த மச்சான் சொந்தத்தில் ஒரு மவுத்து என்று துக்கத்துக்குப் போயிருந்தார். ஆள் தனி.

“பொழுது போவ மாட்டேங்குது. நீங்க படிக்கிறதுல ஒண்ணு குடுங்களேன்” என்றார்.

என் பையில் அப்போது எல்லார் வாயிலும் இருந்த கொலைக்கதை ஒன்று இருந்தது. ஒரு கடலோர ஊர், ஒரு படகுக்காரர் வீடு, மூன்று அண்ணன் தம்பிகள். “இது எடுத்தா கீழ வைக்க முடியாது பாய். இதப் படிச்சுக்கிட்டே அடுப்புல பாலப் பொங்க விட்டுட்டேன். பால் தீஞ்ச வாசனையே எனக்கு வரல.”

“வாய் இருந்தா வங்காளம் போகலாம்பாங்க. உங்க வாய்க்கு லண்டனே போகலாம்” என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

சணலைத் தேடினேன். அதற்குள் என் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓடின ஓட்டத்தில் சணல் கட்ட மறந்தேபோய்விட்டது. தூற்றி, எடை போட்டு, மூட்டை தைத்து முடிகிறபோது மணி பத்தரை. மூக்குக்கண்ணாடி வாங்க மயிலாடுதுறைக்குப் போகவேண்டியிருந்தது. பாயிடம் சொல்லிக்கொள்ளத் திரும்பினேன். கொட்டகை நிழலில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். தொந்தரவு பண்ணுவானேன் என்று பஸ் ஏறிவிட்டேன். சொல்லப்போனால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம்ம சரக்கு வேலை செய்கிறது.

கண்ணாடிக்கடையில் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார்கள். நடுவரியில் இருக்கும்போது கடை இருட்டாகிவிட்டது. கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தால், விளக்கு எரிகிறது. வெளியேதான் வெளிச்சம் போய்விட்டது. கிழக்கே வானம் அடிப்பிடித்த சட்டி மாதிரி இருந்தது.

‘தை மழை நெய் மழை’ என்று ஒரு சொல் உண்டு. நெய் மாதிரிக் கொஞ்சமாகத்தான் பெய்யும் என்பார்கள். பரப்பின நெல்லுக்கு அந்தக் கொஞ்சமே போதும்.

பாய்க்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. காலையில் ஆரம்பித்தவர் இந்நேரம் பதினாலாம் அத்தியாயத்துக்கு வந்திருப்பார். படகுக்குள் அந்த நடு அண்ணனின் சட்டை கிடைக்கிற இடம். அங்கே இடி விழுந்தாலும் தலை நிமிராது. எனக்குத் தெரியும், நானே நிமிரவில்லை.

கண்ணாடியை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓடி வந்து பஸ்ஸைப் பிடித்தேன். பாதி வழியில் ஜன்னலில் சொட்டு விழ ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, “நல்ல மழை, பூமி குளுந்துச்சு” என்றார். நான் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். ஊர்ப்பட்டவர்களுக்குப் பார்த்துப் பார்த்துப் புத்தகம் கொடுக்கிற எனக்கு, நெல்லைப் பரப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கிற மனுஷருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரியாமல் போய்விட்டதே. ஒரு சமையல் புத்தகத்தைக் கொடுத்திருக்கக் கூடாதா? முளைத்துப்போன நெல்லும், அறுபது வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற பாயும் கண்ணுக்குள் நின்றார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்தேன். களத்துத் திருப்பம் வந்ததும் பார்க்கவே பயந்து, கொஞ்சம் நின்றுதான் பார்த்தேன்.

நெல் குவியலாகியிருந்தது. மேலே நீலப் படுதா. நாலு மூலையிலும் கல். சுற்றிலும் மண்வெட்டியால் வெட்டின வடிகாலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் பாயும் மூட்டை தூக்குகிறவர்களும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நேரே உள்ளே போய் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன தங்கச்சி, உங்க நெல்லுதான் காலையிலேயே போயிருச்சே. யாரு நெல்லுக்கு இப்புடி ஓடியாறீங்க?”

“போன எடுக்க மாட்டீங்களா பாய்?”

“ஆபீஸ்ல சார்ஜ்ல கெடக்கு. மேகத்தப் பார்த்ததும் அள்ள ஆரம்பிச்சாச்சு. இவங்க நாலு பேரும் கை குடுத்தாங்க.”

“புத்தகம்?”

யூரியா சாக்குக்குள் நனையாமல் சுற்றிவைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். “கோச்சுக்காதீங்க. நீங்க கெளம்புற நேரத்துலதான் பிரிச்சேன், பிரிச்சதும் கடைசிப் பக்கத்தப் படிச்சிட்டேன். அந்தச் சின்னத் தம்பிதான் கொன்னவன். தெரிஞ்சதும் மூடி வச்சிட்டு நெல்லக் கிண்டப் போயிட்டேன்.”

வேறு நாளாக இருந்தால் என்ன பேசியிருப்பேனோ. அன்றைக்கு, “நல்ல காரியம் பண்ணீங்க” என்றேன்.

“நெல்லு போட்டவன் எப்ப எடுப்பாங்க, எடுப்பாங்களா மாட்டாங்களான்னு முடிவு தெரியாம நாள் கணக்காக் கெடக்குறான் தங்கச்சி. கதையிலயாச்சும் முடிவ மொதல்ல தெரிஞ்சுக்கிறேனே.”

மூட்டை தூக்குகிறவர், “அப்ப எனக்கும் சொல்லிட்டீங்களே பாய், நான் அடுத்து கேக்கலாம்னு இருந்தேன்” என்று திட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. மழைத் தண்ணீர்தான் என்று துடைத்துக்கொண்டேன்.

மழை ஒரு மணி நேரத்தில் விட்டது. மறுநாளும் அதற்கு மறுநாளும் நல்ல வெயில். மூன்றாம் நாள் பாயின் நெல் பதினாறே முக்கால் காட்டியது. எடை போட்டு லாரியில் ஏறுகிற வரைக்கும் நானும் போய் நின்றேன். கடைசி மூட்டையைத் தைத்து முடித்த பிறகுதான் அவர் கொட்டகையில் உட்கார்ந்து புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது, “கொன்னவன் யாருன்னு தெரிஞ்சும் கீழ வைக்க முடியல. நல்லாத்தான் எழுதியிருக்காங்க” என்றார். அந்தக் கதைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குச் சொல்லத் தெரியாது. இப்போது அதைச் சொல்லித்தான் அடுத்தவருக்குக் கொடுக்கிறேன்.

சணல் கட்டுவதை விட்டுவிட்டேன். யாராவது ‘விறுவிறுன்னு ஒண்ணு குடுங்க’ என்று கேட்டு வந்தால், “நெல்லு எங்க கெடக்கு, மூடியிருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரியைத் திறக்கிறேன்.