ஒரே சீலையிலை தைச்ச சட்டைகள்

பிள்ளையள் இல்லத்து மேற்றன் வேலை எண்டால் சும்மா இல்லை: பேன் பாக்க ஒரு கண், அழுகிறதுகளைப் பாக்க ஒரு கண், எங்கடை முகத்தைப் பாக்கத்தான் ஒருத்தருக்கும் நேரமில்லை. விடுதி, ஆசுப்பத்திரி, நேசறி எண்டு மற்றவையின்ரை பிள்ளையளோடை மாரடிச்ச ஆக்களே, உங்களுக்கு இது விளங்கும். நான் மாரடிச்சது கரவெட்டிப் பக்கம், ஒரு பழைய கல்வீட்டிலை நடந்த அரசாங்கப் பெண்பிள்ளையள் இல்லத்திலை. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு, சண்டையாலை சாமான் ஒண்டும் வராத தடைக்காலம். அவ்வளவு கரைச்சலுக்குள்ளையும், இப்ப நினைச்சால் என்ரை நல்ல காலம் அதுதான்.

பிழையான பிள்ளை

எங்களுக்கு அரசாங்கக் கந்தோராலை ஒரே நிறத்துச் சீலைதான் கட்டாக் கிடைச்சது. எல்லாப் பிள்ளையளுக்கும் அதிலைதான் சட்டை. பேன் தொல்லையிலை தலைமயிரும் எல்லாருக்கும் காதளவுக்கு வெட்டு. ஞாயிற்றுக்கிழமை ஆக்கள் பாக்க வரேக்கை வரிசையா நிப்பாட்டினால், எனக்கே பேர் மாறும்.

ஜெசிந்தா மூண்டு வயதிலை வந்தவள். தேப்பன் கடலுக்குப் போய்த் திரும்பேல்லை, தாய் றீற்றாவுக்குச் சயரோகம். வருத்தம் மாறி, குருநகராலை இடம்பெயர்ந்து, தலைக்கு மேலை ஒரு கூரை தேடி எடுக்க மனிசிக்கு ஆறேழு வருசம் போயிட்டுது, அதுவரைக்கும் பிள்ளையை வந்து பாக்கவும் ஏலேல்லை. "பிள்ளை தானா ஓம் எண்டால்தான் குடுப்பன்" எண்டு, பிள்ளையளைப் பொறுப்புக் குடுக்கிற நன்னடத்தை உத்தியோகத்தர் சொல்லிப்போட்டார். அந்த ஒரு ஓமுக்காக, மண்ணெண்ணெயிலை ஓடின வான் வண்டியிலை புகைகுடிச்சு வந்து இறங்கினா றீற்றா. இறங்கின வேகத்திலை "என்ரை ராசாத்தி!" எண்டு கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சது, ஜெசிந்தாவுக்குப் பக்கத்திலை நிண்ட கமலாவை!

ஐயோ, எனக்குக் கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை. ஜெசிந்தா ஒரு பார்வை பாத்துப்போட்டுக் குசினிக்குள்ளை, அடுப்படிக்குப் போயிட்டாள். கமலாவைப் பாக்க ஒருநாளும் ஒருத்தரும் வந்ததில்லை. அவள் றீற்றாவின்ரை கழுத்தை விடாமல் தொங்கினாள். நான் இழுத்துக் கழட்ட, என்னை முறைச்சுப் பாத்துச் சொன்னாள்: "நான் கேக்கேல்லை மேற்றன், அவதானே பிடிச்சவ."

மாடு திண்ட சட்டை

அண்டையோடை ஜெசிந்தா தாயோடை கதைக்கிறதில்லை. வண்டிச் சத்தம் கேட்டாலே குசினிக்குள்ளை ஓடிவிடுவாள், தாய்க்கு முகத்தைக் காட்டவே மாட்டாள். "என்னைத் தெரியாத ஆளோடை நான் ஏன் போவான்?" எண்டு என்னட்டைக் கேப்பாள். ஒவ்வொரு முறையும் றீற்றா வெறுங்கையோடை வண்டி ஏறிப் போவா, நான் வாசல் மட்டும் போய் வழியனுப்பிப்போட்டு வருவன்.

சவுக்காரம் இல்லாத காலம் அது. பனம்பழத்தைப் பிசைஞ்சு, அந்தக் களியிலைதான் உடுப்புத் தோய்க்கிறது. கொடியிலை காயிற சட்டையெல்லாம் இனிக்க மணக்கும். இப்பவும் எங்கையாவது பனம்பழ வாசம் வந்தால், அந்தப் பிள்ளையளின்ரை சத்தம் எனக்குக் காதிலை கேக்கும். பக்கத்து வளவு மாட்டுக்கும் அந்த வாசம் பிடிச்சுப்போச்சு. ஒருநாள் வேலியைப் பிரிச்சுக்கொண்டு வந்து ஜெசிந்தாவின்ரை சட்டைக் கரையைச் சப்பிப்போட்டுது. நான் என்ரை பழைய சிவப்புச் சீலையிலை ஒரு கரை வைச்சுத் தைச்சுக் குடுத்தன். மனசுக்குள்ளை மாட்டுக்கு ஒரு கும்பிடும் போட்டன், இனித் தாய் பிழைவிட ஏலாதெல்லோ! ஞாயிறு காலமை பாத்தால், பெட்டை அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டுக் கமலாவின்ரை மாத்துச் சட்டையோடை நிக்கிறாள். ஏனடி எண்டு கேட்டன். "சிவப்புக் கரையைப் பாத்துக் கண்டுபிடிச்சால், அது என்னைக் கண்டுபிடிச்சதோ மேற்றன்?"

முதுகு வரிசை

அண்டைக்கே எல்லாரும் சேர்ந்து ஒரு குழப்படி செய்துதுகள். றீற்றா படலையைத் திறந்து உள்ளை வர, வரிசை முழுக்க மற்றப்பக்கம் திரும்பி நிண்டுது. பாக்கிறதுக்குப் பிடரியும் முதுகும்தான். எல்லாம் ஜெசிந்தாவின்ரை யோசினை. எங்கடை சமையல்காரி பொன்னக்கா அகப்பையோடை வந்து, "உதுகளுக்கு இரண்டு போடட்டோ?" எண்டா. நான்தான் மறிச்சன். மனிசி இந்த முறையும் பிழைவிட்டால் எல்லாம் முடிஞ்சுது எண்டு எனக்குத் தெரியும்.

றீற்றா வரிசையின்ரை அந்தத் தொங்கலிலையிருந்து இந்தத் தொங்கல் மட்டும் நடந்தா. ஒருத்தியையும் தொடேல்லை. திரும்பவும் நடந்தா. பிறகு அப்பிடியே நிலத்திலை இருந்து, சீலைத் தலைப்பாலை மூக்கைத் துடைச்சுக்கொண்டு சொன்னா: "எனக்குத் தெரியேல்லை மோனை. உன்ரை முதுகை நான் கண்டதில்லை. விட்டிட்டுப் போகேக்கை முதுகைக் காட்டினது நான்தானே."

ஒரு ஓம்

வரிசையிலை ஒருத்தி திரும்பினாள், ஜெசிந்தாதான். ஓடிப்போய்த் தாயைக் கட்டிப்பிடிச்சாள் எண்டு நினைக்காதையுங்கோ. வந்து பக்கத்திலை, கொஞ்சம் இடம்விட்டுத்தான் இருந்தாள். பொன்னக்கா அகப்பையைப் பிடிச்சபடி ஓவெண்டு அழுதா. நானும்தான்.

பிறகு உத்தியோகத்தர் சைக்கிளிலை வந்தார். கட்டை மனிசன், சிரிக்கத் தெரியாது. "பிள்ளை, இவவோடை போக விருப்பமோ?" எண்டு கேட்டார். ஜெசிந்தா தாயைப் பாத்தாள், கமலாவைப் பாத்தாள். மரவாங்கிலை இருந்த றீற்றா அதின்ரை கரையை இறுக்கிப் பிடிச்சா. கடைசியிலை பெட்டை நிமிர்ந்து நிண்டு சொன்னாள்: "ஓம் சேர், போறன். ஆனால் முதல் வந்தண்டு பிழைவிட்டவ எண்டதையும் எழுதுங்கோ."

போற பிள்ளைக்குச் சிரிச்ச முகத்தோடை கைகாட்டிப்போட்டு, நிக்கிற கமலாவுக்குப் புட்டும் சம்பலும் போட்டுக்குடுக்க உள்ளை வாறதுதான் மேற்றன் உத்தியோகம்.