சிவப்பாக இருந்த ஒன்று

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைக் கவனித்துக்கொண்டவர் அவர். சட்டைப்பையில் நான்கு பேனா, தோளில் மஞ்சள் துணி. எது இரண்டாக இருந்தாலும் ஒன்றைத் தூக்கிவிடுவார்.

சுனாமிக்கு மறுவருடம், அங்கிருந்த பழைய மெஷின் ஒன்றில் லினக்ஸை ஓடவைக்கக் கடலூரிலிருந்து ஒரு மாதமாகப் பஸ்ஸில் போய்வந்தேன். அதற்கு டிஸ்க் கிடையாது, எல்லா பைலும் லேப் சர்வரில்தான். ஒரே ஒரு புரோகிராம் மட்டும் அடம்பிடித்தது. துறைத்தலைவருக்குக் காட்ட ஒருநாள்தான் பாக்கி. அன்று காலை பார்த்தால், மெஷினே கிளம்பவில்லை.

“சர்வர்ல உங்க போல்டர்ல ஒரே லைப்ரரி பைல் மூணு மூணு பேர்ல கெடந்துச்சு சார். ஒண்ண வெச்சிட்டு மிச்சத்த அழிச்சிட்டேன்” என்றார் அவர்.

“அதெல்லாம் சிம்லிங்க்ணே! அசல் பைல் எங்க இருக்குன்னு புரோகிராமுக்குக் காட்டுற பலகை. அதப் புடுங்கிட்டா எப்டிண்ணே ஓடும்?” என்று கத்தினேன்.

அவர் நிதானமாக ஒரு நோட்டை நீட்டினார். அழித்த ஒவ்வொரு பெயரும், அது காட்டிய இடமும் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன.

“எழுதி வெக்காம எதையும் அழிக்க மாட்டேன் சார். இது ஒண்ணு மட்டும் ஸ்கிரீன்ல செவப்பா இருந்துச்சு. அது காட்டுற எடத்துல ஒண்ணுமே இல்ல.”

நான் ஒரு மாதமாகத் தேடிய தப்பு அதுதான்.

அந்தச் சிவப்பை மட்டும் சரியான இடத்துக்குத் திருப்பி, மற்ற எல்லாவற்றையும் நோட்டைப் பார்த்துத் திரும்ப அடித்து முடிக்க மதியமாகிவிட்டது. அடம்பிடித்த புரோகிராமும் ஓடியது. நன்றி சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். மனிதர் என் மேஜையிலிருந்த இரண்டு கீபோர்டில் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்.